பொதுப் புலமையும் உதவியாளரின் கதிரையும்

ஒரு பல்கலைக்கழகத்தின் மனதை அறிய அதன் ஆண்டறிக்கையை வாசிப்பதைவிட, அது போடும் வேலை விளம்பரத்தை வாசிப்பது நல்லது. ஐக்கிய அமெரிக்காவின் பட்டப்பின் கல்லூரிகள் சில, கொஞ்சக் காலமாக ஒரு புதுவகைப் பதவிக்கு ஆள் எடுக்கின்றன. கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவர் வேண்டும். 'பப்ளிக் ஸ்கொலர்ஷிப்' என்ற வேலைத்திட்டத்துக்கும், கலாநிதி மாணவரை வெளி நிறுவனங்களுக்கு அனுப்பும் உள்ளகப் பயிற்சித் திட்டத்துக்கும் அவர் உதவியாளராக இருக்க வேண்டும். இதைப் பற்றி எங்கள் சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. அறிவை மக்களிடம் கொண்டுபோகிறோம் என்று சொல்லும் ஓர் இயக்கம் அங்கே முப்பது வருடமாக வளர்ந்து வந்திருக்கிறது. அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மை என்று உரசிப் பார்க்க, அந்த இயக்கத்தின் பேராசிரியர்களைவிட இந்த உதவியாளரே நல்ல உரைகல் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆசிரியர் அறையில் இந்தச் சொல்லை நான் சொன்னபோது, பக்கத்தில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த சக ஆசிரியர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "யாரு சேர் காசு குடுக்கிற?" அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நம் நாட்டில் 'ஸ்கொலர்ஷிப்' என்றால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையின் புலமைப்பரிசில்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே அந்தச் சொல் புலமைச் செயற்பாட்டையே குறிக்கிறது. பொதுப் புலமை என்று தமிழில் சொல்லலாம். ஆய்வாளர் தன் துறைக்கு உள்ளே மட்டும் எழுதாமல், நூலகம், நூதனசாலை, பாடசாலை, ஊர்ச் சங்கம் முதலியவற்றோடு சேர்ந்து, அவர்களுடைய கேள்வியையும் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டு செய்யும் ஆய்வு அது. ஆய்வு முடிந்தபின் ஊரில் ஒரு கூட்டம் போட்டுச் சுருக்கத்தை வாசித்துக் காட்டுவது வேறு. கேள்வி உருவாகும் இடத்திலேயே ஊரவரும் இருப்பது வேறு. பொதுப் புலமை என்ற பெயருக்கு இரண்டாவதே உரியது.

இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990இல் ஏர்னஸ்ட் போயர், கார்னகி நிறுவனத்துக்காக எழுதிய 'ஸ்கொலர்ஷிப் ரிகன்சிடர்ட்' என்ற நூலில், புலமை என்பது புதியதைக் கண்டுபிடித்தல் மட்டுமல்ல என்று வாதிட்டார். கண்டுபிடித்தல், ஒன்றிணைத்தல், பிரயோகித்தல், கற்பித்தல் ஆகிய நான்கும் புலமையே என்றார். 1999இல் 'இமாஜினிங் அமெரிக்கா' என்ற அமைப்பு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு தொடங்கியது. அதன் முதற் பணிப்பாளர் ஜூலி எலிசன். அவரும் திமோத்தி ஈட்மனும் 2008இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மக்களோடு சேர்ந்து செய்யும் ஆய்வைப் பேராசிரியரின் நிரந்தர நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2011இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக இருந்த அன்ரனி கிராஃப்டனும் அதன் நிறைவேற்றுப் பணிப்பாளர் ஜிம் கிராஸ்மனும் வேறொரு பக்கத்தால் வந்தார்கள். கலாநிதிப் பட்டம் பெற்றவர் பேராசிரியராகாமல் வேறு தொழிலுக்குப் போவதை 'இரண்டாந்தரத் திட்டம்' என்று பேசுவதை நிறுத்துங்கள் என்றார்கள்.

இந்த இரண்டு ஓடையும் சேர்ந்த இடத்தில்தான் நான் சொல்லும் பதவி பிறக்கிறது. ஒன்று, அறிவு பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே போகவேண்டும் என்ற இலட்சியம். மற்றது, மதிலுக்கு உள்ளே வேலை போதாது என்ற நிர்ப்பந்தம். இரண்டும் ஒரே மொழியில் பேசுவதால் எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது சிரமம். உள்ளகப் பயிற்சிக்குப் போகும் மாணவர், தன் அறிவை ஊருக்குக் கொடுக்கப் போகிறாரா, தனக்கொரு தொழிலைத் தேடிப் போகிறாரா? இரண்டும் என்று பதில் வரும். அதில் குற்றமில்லை. ஆனால் ஒன்றின் பெயரால் மற்றதை மறைத்தால் அது விமர்சனத்துக்கு உரியது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தையே உதாரணமாக எடுப்போம். அங்கே பட்டப்பின் கல்லூரியின் பெயர் ரக்ஹாம். ஹொரஸ் ரக்ஹாம் ஒரு சட்டத்தரணி. ஹென்றி போர்டின் கார்க் கம்பனியைப் பதிவுசெய்யும் பத்திரங்களைத் தயாரித்தவர். 1903இல் 5,000 டொலர் போட்டு 50 பங்குகள் வாங்கி, 1919இல் 1 கோடியே 25 இலட்சம் டொலருக்கு விற்றார். அவர் மறைந்த பின் அவருடைய நிதியிலிருந்து வந்த பெருங்கொடையால் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. அதற்குள் பொதுப் புலமைக்கென ஒரு திட்டம் இருக்கிறது. ஊர் அமைப்புகளோடு சேர்ந்து செய்யும் கருத்திட்டங்களுக்கு மாணவருக்குப் பணம் கொடுக்கிறது. பயிற்சிப் பட்டறை நடத்துகிறது. கலாநிதி மாணவரை வெளி நிறுவனங்களில் உள்ளகப் பயிற்சிக்கு அனுப்பும் புலமைப்பரிசிலும் உண்டு. பயிற்சிக் காலத்தில் மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கிறது. சம்பளமில்லாமல் இளைஞரை வேலை வாங்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது மெச்சத்தக்கது. அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை.

இத்தகைய திட்டங்களின் உதவியாளர் என்ன செய்கிறார்? விண்ணப்பங்களை ஒழுங்குபடுத்துவது, பட்டறைக்கு இடமும் நேரமும் பார்ப்பது, நூதனசாலைக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் கோல் எடுத்துக் கதைப்பது, எந்த மாணவர் எந்த நிறுவனத்துக்குப் பொருந்துவார் என்று கவனிப்பது, நிறுவனம் எதிர்பார்ப்பதற்கும் மாணவர் எதிர்பார்ப்பதற்கும் இடையில் முறுகல் வந்தால் இரண்டு பக்கத்தையும் சமாளிப்பது, கடைசியில் அறிக்கை எழுதுவது. பட்டியலாகப் பார்த்தால் எழுதுவினைஞரின் வேலைபோலத் தெரியும். ஆனால் ஒரு வரலாற்று மாணவருக்கு ஊர் நூலகத்தில் என்ன வேலை இருக்கிறது என்று அந்த நூலகருக்கு விளங்கப்படுத்த, வரலாறும் தெரியவேண்டும், நூலகரின் கஷ்டமும் தெரியவேண்டும். மொழிபெயர்ப்பாளரின் வேலை இது. மொழிபெயர்ப்பைப் புலமை இல்லை என்று சொல்லத் துணிபவர் யார்?

தமிழ் படித்தவன் என்பதால் வேற்றுமை இலக்கணம் எனக்கு இங்கே கைகொடுக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப்பொருளும் உண்டு, கருத்தாப்பொருளும் உண்டு. கருத்தாவிலும் இரண்டு வகை: ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றும் சொல்கிறோம். தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றும் சொல்கிறோம். இலக்கணம் இருவரையும் கருத்தாவாகவே ஏற்கிறது. வாளால் வெட்டினான் என்பதிலுள்ள வாள் மட்டுமே கருவி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பொதுப் புலமை அறிக்கைகளை இந்தக் கண்ணால் வாசியுங்கள். பல்கலைக்கழகம் ஏவுதற் கருத்தா என்பதில் சந்தேகமில்லை. கருத்திட்டம் செய்யும் மாணவரும், ஓரளவுக்கு ஊர் அமைப்பும் இயற்றுதற் கருத்தாவாக இடம்பெறுவார்கள். இவர்கள் எல்லாரையும் கோத்து வைத்த உதவியாளர் எங்கே? பெரும்பாலும் கடைசிப் பக்கத்து நன்றியுரையில் இருப்பார். அல்லது, வாளைப்போல, வேலை முடிந்ததும் உறைக்குள் போயிருப்பார்.

இது வெறும் மனக்குறை என்று தள்ளிவிட முடியாது. நிர்வாகத்தின் வகைப்பாட்டிலேயே இது எழுதியிருக்கிறது. மிச்சிகனில் பட்டப்பின் மாணவர் பார்க்கும் வேலைகள் பிரதானமாக மூன்று வகை. பாடம் நடத்துபவர் ஒரு வகை. ஆய்வில் உதவுபவர் இன்னொரு வகை. மூன்றாவது வகையின் பெயர் 'பணியாள் உதவியாளர்' என்ற கருத்தில் வருகிறது. நிர்வாகம், ஆலோசனை, கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் புறம்பான கல்விசார் கடமைகள் ஆகியவை அதற்குள் அடங்கும். பொதுப் புலமைத் திட்டத்துக்கு உதவும் பதவி இயல்பாக விழுவது இந்த மூன்றாவது வகைக்குள்தான். இப்போது முரணைப் பாருங்கள். ஊரோடு சேர்ந்து வேலை செய்வதும் ஆய்வே என்று போயர் காலத்திலிருந்து வாதாடி வந்திருக்கிறார்கள். அந்த வாதத்தை நடைமுறைப்படுத்தும் திட்டம், தன் உதவியாளரை ஆய்வு அல்லாத வகையில் இருத்துகிறது. கொள்கைப் பக்கத்தில் ஒரு கணக்கு, சம்பளப் பட்டியலில் இன்னொரு கணக்கு.

வகைப்பாடு என்பது சின்ன விஷயமா? அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் ஊழியர் சங்கத்தின் கதை, சின்ன விஷயம் இல்லை என்று சொல்கிறது. அங்கே முதலாவது ஒப்பந்தம் 1975ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகே கிடைத்தது. கற்பித்தல் உதவியாளரும் பணியாள் உதவியாளரும் அதற்குள் வந்தார்கள். ஆய்வு உதவியாளர் பின்னர் வெளியே விடப்பட்டார்கள். ஆய்வு உதவியாளர் செய்வது ஊழியம் அல்ல, படிப்பு என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2012இல் மிச்சிகன் சட்டசபை, அவர்களுக்குத் தொழிற்சங்க உரிமை இல்லை என்று சட்டமே இயற்றியது. 2014இல் நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. ஆகவே ஆய்வு செய்பவரிடம், நீ மாணவன், ஊழியன் இல்லை என்று சொல்லப்பட்டது. பணியாள் உதவியாளரிடம், நீ ஊழியன், உன் வேலை ஆய்வு இல்லை என்று சொல்லப்படுகிறது. எந்தப் பக்கம் புரண்டாலும் ஏதோ ஒன்று கழிபடுகிறது. 2023 மார்ச் இறுதியில் தொடங்கி ஓகஸ்ட் வரை அந்தச் சங்கம் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை, வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான சம்பளம். பொதுமக்களுக்காகப் புலமை என்று எழுதிய சுவருக்கு முன்னாலேயே, வீட்டு வாடகைக்காக மறியல் நடந்தது.

வெளிநாட்டு மாணவருக்கு இன்னொரு சிக்கல். எங்கள் நாட்டிலிருந்து போகிறவரும் இதில் அடக்கம். மாணவர் வீசாவில் இருப்பவர் தவணைக் காலத்தில் பல்கலைக்கழகத்துக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. படிக்கும் காலத்தில் வெளியே பயிற்சிக்குப் போவதென்றால், பொதுவாக அந்தப் பயிற்சி பாடத்திட்டத்தின் ஒருங்கிணைந்த பகுதி என்று காட்டி அனுமதி பெற வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. உள்ளகப் பயிற்சி படிப்பின் பகுதியா, படிப்புக்கு வெளியே ஒட்டிய வாலா என்று துறைகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்க, குடிவரவுச் சட்டம் அந்தக் கேள்விக்குப் பதிலைக் கட்டாயமாகக் கேட்கிறது. பகுதிதான் என்றால் ஆய்வேட்டில் அதற்கு இடம் எங்கே? இல்லை என்றால் வெளிநாட்டு மாணவர் போவது எப்படி?

இந்த விவகாரத்தில் எனக்குத் துணைநின்ற நூல்கள் இரண்டு. கற்றினா ரொஜர்ஸ் 2020இல் வெளியிட்ட நூல், மனிதப் பண்பியல் துறைகளில் கலாநிதிப் பட்டம் பெறுபவரின் தொழில்வழிகளைப் பற்றியது. தொழில் வழிகாட்டலை மட்டும் திருத்திவிட்டு, பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் உழைப்பு நிலைமைகளையும் சமத்துவமின்மையையும் அப்படியே விட்டால் சீர்திருத்தம் அரைகுறை என்பது அவர் நிலைப்பாடு. அதை ஒரு படி கீழே இறக்கி, சீர்திருத்தத் திட்டத்தின் சொந்தக் காரியாலயத்திலேயே பொருத்திப் பார்க்க வேண்டும் என்கிறேன். லெனர்ட் கசுற்றோவும் றொபர்ட் வைஸ்பக்கும் 2021இல் எழுதிய 'த நியூ பிஎச்டி', 1990களிலிருந்து வந்த சீர்திருத்த முயற்சிகளை ஆராய்ந்து, அவற்றின் பலன் ஏன் குறைவாகவே தங்கியது என்று கேட்கிறது. உதவியாளரின் கதிரையிலிருந்து பார்த்தால் ஒரு காரணம் பளிச்சென்று தெரியும். அந்தக் கதிரையில் இருப்பவர் ஒரு தவணைக்கோ ஒரு வருடத்துக்கோ வருகிறார். நூதனசாலைக்காரர் யார், அவருக்கு எந்த நாள் வசதி, போன வருடம் வந்த மாணவர் எதைப் பாதியில் விட்டுப் போனார் என்பதெல்லாம் அவர் மனதிலும் அவர் கைத்தொலைபேசியிலும் இருக்கின்றன. அவர் போனதும் அதுவும் போய்விடுகிறது. புதியவர் வந்து 'ஸலாம்' சொல்லி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊர் அமைப்புக்கு எவ்வளவு பொறுமை இருக்கும்? நம்பிக்கையைச் சேமிக்கும் பதவியைத் தற்காலிகப் பதவியாக வைத்துக்கொண்டு, நீடித்த உறவு வேண்டும் என்று அறிக்கை எழுதுவதில் பயனில்லை.

எட்வர்ட் ஸெய்த் இருந்திருந்தால் இதை வேறுவிதமாகக் கேட்டிருக்கக்கூடும். 1993இல் பிபிசியின் றீத் பேருரைகளில், அறிவுஜீவி தொழில்முறைமைக்குள் அடங்கிப்போவதைப் பெரிய ஆபத்தாக அவர் சொன்னார். விருப்பத்தின் பேரில், அக்கறையின் பேரில் பேசும் அமெச்சூர் மனம் வேண்டும் என்றார். அந்தக் கண்ணால் பார்த்தால், மக்கள் பணிக்கே விண்ணப்பப் படிவமும் அறிக்கையும் தகைமைச் சான்றும் வந்துவிட்டது கவலைக்குரியது. ஆனால் ஸெய்தின் அமெச்சூர், கொலம்பியாவில் நிரந்தரப் பேராசிரியராக இருந்து பேசியவர். மாத வாடகைக்குக் கணக்குப் பார்க்கும் மாணவருக்கு அந்தச் சுதந்திரம் எங்கிருந்து வரும்? அக்கறையைச் சம்பளத்துக்குப் பதிலாக வைக்கும்போது, அக்கறையுள்ளவரே முதலில் நசிபடுகிறார். ஆசிரியத் தொழிலில் இருக்கிற எங்களுக்கு இது புதுக் கதையல்ல.

ஒரு மறுப்பையும் நியாயமாகக் கேட்க வேண்டும். உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், படிப்புக் கட்டணமும் விடுபடுகிறது; அதற்கு மேல் எல்லா வேலையையும் புலமை என்று சொல்லத் தொடங்கினால் புலமை என்ற சொல்லுக்கே பெறுமதி இல்லாமல் போய்விடும் என்று சொல்லலாம். கதிரை அடுக்குவது ஆய்வா? இல்லைதான். அதற்காக எல்லாவற்றையும் கதிரை அடுக்கலாகக் கணக்கெடுக்கவும் முடியாது. ஊர் அமைப்போடு கேள்வியை உருவாக்குவது, பயிற்சியின் பயனை மதிப்பிடுவது, எது ஏன் தோற்றது என்று எழுதுவது ஆகியவை அறிவு உற்பத்தியே. இவற்றைப் பிரித்தெடுத்து, உதவியாளரின் பெயரில் வெளியிட இடம் கொடுக்கலாம். விரும்பினால் ஆய்வேட்டின் ஓர் இயலாக எழுதவும் அனுமதிக்கலாம். மிச்சத்தை நிரந்தர உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் நிற்கும் ஆளுக்குப் பெயரும் இடமும் கொடுத்த கல்வி மரபு எங்களுக்குப் பழக்கமானதுதான். ஜோர்ஜ் மக்திஸி 1981இல் எழுதிய 'த ரைஸ் ஒஃப் கொலிஜஸ்' என்ற நூல் மத்திய கால மத்ரஸாக்களின் அமைப்பை விளக்குகிறது. முதர்ரிஸ் பாடம் சொன்ன பிறகு அதை மாணவருக்குத் திருப்பிச் சொல்லி விளங்கவைப்பவர் முஈத். பெருஞ்சபையில் ஹதீஸ் சொல்லும் ஆசிரியரின் குரலைப் பின்வரிசைக்கு எட்டவைப்பவர் முஸ்தம்லீ. முஈதுக்கு வக்பு சாசனத்திலேயே சம்பளம் ஒதுக்கப்பட்டதுண்டு. 1370இல் மறைந்த தாஜுத்தீன் அஸ்ஸுப்கீ, பல தொழில்களின் கடமைகளைச் சொல்லும் தன் நூலில் முஈதின் கடமையையும் தனியாக எடுத்துப் பேசுகிறார். பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவரைவிடக் கூடுதலான பொறுப்பு அவருக்கு உண்டு என்கிறார். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. திருப்பிச் சொல்வதும் எட்டவைப்பதும் அறிவின் பகுதி என்று அந்த மரபு ஒப்புக்கொண்டிருந்தது, பெயர் கொடுத்திருந்தது. அதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இனி நம் பக்கம். 2017இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய அஹெட் திட்டத்தின் காலத்தில், எங்கள் கலைப் பீடங்களிலும் 'தொழில் பெறுதகைமை' என்ற பேச்சு பலமாகக் கேட்டது. உள்ளகப் பயிற்சி என்ற சொல் மருத்துவ பீடத்திலிருந்து கலைப் பீடத்துக்கும் வந்துவிட்டது. அது நல்லதற்கும் வரலாம். தமிழ் சிறப்புப் பட்டம் படிக்கும் பிள்ளை ஓர் ஆவணக் காப்பகத்திலோ பத்திரிகையிலோ மூன்று மாதம் இருந்து பழகினால் யாருக்கு நட்டம்? ஆனால் இங்கேயும் நடுவில் ஒருவர் நிற்கிறார். கெம்பஸில் அவர் தற்காலிக உதவி விரிவுரையாளர். ஆய்வரங்குக்கு மண்டபம் பார்ப்பதும், பேச்சாளரை அழைத்து வருவதும், கட்டுரைத் தொகுப்பின் எழுத்துப் பிழை பார்ப்பதும் அவர். ஊரில் அவர் பாடசாலை ஆசிரியராகவோ நூலகராகவோ இருப்பார். தாலாட்டுச் சேகரிக்க வரும் மாணவியை மூத்தம்மாமாரின் வாசலுக்குக் கூட்டிப்போய், "பயப்பிடாம படிங்க, நம்மட புள்ளதான்" என்று சொல்பவர் அவர். அவர் சொல்லாவிட்டால் பாட்டு வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் கறுப்பு அட்டையோடு இருக்கும். பாடிய மூத்தம்மாவின் ஊருக்கு ஒரு பிரதி வந்திருக்காது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைப் பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல் தேடித் தொகுத்த நிந்தவூர் சட்டத்தரணி எஸ். முத்துமீரானைப் போன்றவர்களின் வேலையைப் பொதுப் புலமை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல் இங்கே வருவதற்கு முன்பே அந்த வேலை இங்கே இருந்தது. ஆகவே அமெரிக்காவிலிருந்து சொல்லை இரவல் வாங்கும்போது, அதோடு வரும் கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்த்து வாங்க வேண்டும். நாளைக்கு எங்கள் பீடமொன்று இப்படியொரு திட்டத்தைத் தொடங்கினால் நான் கேட்கப்போவது மூன்றே கேள்வி. உதவியாளரின் நியமனம் எத்தனை வருடத்துக்கு? அவர் செய்த வேலையில் எது அவர் பெயரில் வெளிவரும்? ஊருக்குப் பிரதி எப்போது வரும்? இம்மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால், மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம்.